முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட குஞ்சு

அந்தக் குஞ்சை மிதித்தவர் என் வீட்டுக்காரர்தான். ஆனால் அப்போது அது அவருக்குத் தெரியாது.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லாரி லயத்து வரிசைவீடுகளுக்கு முன்னால் வந்து நின்ற காலை அது. காய்ச்சல் கண்டு பல நாள் ஆகியிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. வாயில் வந்ததெல்லாம் உளறல். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். படியில் இறங்கும்போது காலை எங்கே வைக்கிறோம் என்ற நினைவே அவருக்கு இல்லை. எங்கள் பெட்டைக்கோழி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு படிக்கடியில் மேய்ந்துகொண்டிருந்தது. அவர் கால் தரையில் பட்டதும் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது.

கோழி கத்திக்கொண்டு ஓடியது. குஞ்சுகளும் பின்னாலேயே ஓடின. ஒன்று மட்டும் ஓடவில்லை.

லாரி ஓட்டி வந்த மலாய்க்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "அலமாக்!" என்று தலையில் கைவைத்தார். வீட்டை விட்டுக் கிளம்புகிற காலே ஒரு உயிரை மிதித்தால் அது நல்லதற்கா?

லாரியில் நானும் ஏறப் போனேன். "நீயும் போயிட்டா ரெண்டு பேரு நிரை மரத்துலயும் யாரு பால் வெட்டுறது?" என்று கங்காணி தடுத்துவிட்டார். அந்த ஆள் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்னும் எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை.

அவர் பெயர்

என் வீட்டுக்காரரின் பெயரை எழுதவேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லி அனுப்பியிருக்கிறார். படிப்பவர்களுக்கு நெருக்கமாக இருக்குமாம். வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை நான் ஒருநாளும் வாயால் சொல்லாத பெயரை, அவர் போன பிறகு அச்சில் போட்டு ஊரெல்லாம் விற்கவா? வீட்டுக்காரர் என்றே இருக்கட்டும். நெருக்கம் தானாக வரும், வராவிட்டால் போகட்டும்.

எங்கள் ரப்பர் தோட்டம் சிகாமட் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம். எனக்குக் கல்யாணமாகி ஒரு தீபாவளிதான் கழிந்திருந்தது. மாமியார், நாத்தனார் என்று ஒருவரும் கப்பலேறி வரவில்லை. அவருக்கு நான், எனக்கு அவர். அதற்குமேல் சொந்தம் என்றால் பக்கத்து அறை அஞ்சலை அக்காதான்.

மலேரியாக் காய்ச்சல் அப்போது எங்களுக்குப் புதிது இல்லை. காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போதே எல்லார் வாயிலும் கொயினா மாத்திரையைப் போட்டு, விழுங்கினோமா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அந்தக் கசப்பு மதியம் சோற்றிலும் இருக்கும். என் வீட்டுக்காரர் சாமர்த்தியசாலி. நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, மரத்தடியில் போய்த் துப்பிவிடுவார். அந்தச் சாமர்த்தியம்தான் அவரை லாரியில் ஏற்றியது.

நேர்த்தி

லாரி போன பிறகும் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அஞ்சலை அக்கா வந்து குஞ்சைக் காலால் புரட்டிப் பார்த்தாள்.

"கால் போச்சு கனகு. தூக்கிக் கால்வாய்ல போட்டுட்டு வேலைக்கு வா."

"உயிரு இருக்குக்கா."

"இருந்து என்னா பண்ணப்போவுது? சாயங்காலம் தாங்காது."

சாயங்காலம் தாங்காது என்ற சொல் எனக்குக் குஞ்சைப் பற்றியதாகப் படவில்லை. நான் அதை அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டேன். கையில் வைத்தால் கனமே இல்லை. ஆனால் உள்ளங்கை முழுக்க அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்படியே ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த முனியாண்டி கோயிலுக்கு ஓடினேன். கோயில் என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். ஒரு சூலம், ஒரு கல், மேலே தகரம். "அவரு பொழச்சு வந்தா, இந்தக் குஞ்சக் காப்பாத்தி, இது சேவலானதும் ஒனக்கே தரேன்" என்று வேண்டிக்கொண்டேன். நேர்த்திக்கடன் தீரும்வரை கறி, மீன், முட்டை என்று எந்தக் கவிச்சியும் தொடமாட்டேன் என்றும் சொன்னேன். கருவாடு இல்லாமல் தோட்டத்துச் சோறு தொண்டைக்குள் இறங்காது என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். வேண்டுதல் என்றால் வலிக்கவேண்டும் அல்லவா?

அஞ்சலை அக்காவிடம் வந்து சொன்னபோது அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"கூறு கெட்டவளே, மொடமான கோழிய முனி வாங்குவாரா? காலு, கண்ணு, கொண்டை எல்லாம் முழுசா இருக்கணும்டி. நல்ல குஞ்சு அத்தன இருக்க, மிதிபட்டதப் போயா நேந்துவிடுவே?"

நான் அதை யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் வேறு குஞ்சைக் காட்டியிருக்க மாட்டேன். அவர் காலில் பட்ட உயிர் அது. அது பிழைத்தால் அவர் பிழைப்பார், அது போனால் அவரும் போய்விடுவார் என்று என் மனதில் முடிச்சு விழுந்துவிட்டது. இப்போது நீங்கள் சிரிக்கலாம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாலில் கட்டிய கால்

சீனன் கடையிலிருந்து பால் டின் வரும் பலகைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, கிழிசல் கைலியை மெத்தையாகப் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மஞ்சளை அரைத்துக் காலில் பூசினேன். முட்டிக்குக் கீழே எலும்பு ஒடிந்து, கால் நூலில் தொங்குவதுபோல ஆடியது. விளக்குமாற்று ஈர்க்கை இருபுறமும் வைத்துத் துணியால் சுற்றினேன். குஞ்சு உதறியது. கட்டு கழன்று விழுந்தது. மறுபடி கட்டினேன், மறுபடி கழன்றது.

அப்போதுதான் ரப்பர் பாலின் நினைவு வந்தது. நாள் முழுதும் கையில் ஒட்டிக் காய்ந்து, இரவு தேங்காய் எண்ணெய் போட்டு உரித்தாலும் போகாத பால். மறுநாள் மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் பாலைச் சிரட்டையில் ஊற்றி மறைத்துக்கொண்டு வந்தேன். துணிக்கீற்றை அதில் தோய்த்து ஈர்க்கின்மேல் சுற்றினேன். காய்ந்ததும் கட்டு கல்லாகவும் இல்லை, துணியாகவும் இல்லை, காலோடு சேர்ந்துகொண்டது. குஞ்சு எவ்வளவு உதறியும் அசையவில்லை.

என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன். விடிந்து பார்த்தால் விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன. பால் காயக் காயச் சுருங்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டேன். பால் வெட்டும் கத்தியின் முனையால் கட்டைக் கீறிப் பிரித்தேன். அஞ்சலை அக்காதான் குஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வாய் மட்டும் திட்டிக்கொண்டே இருந்தது.

"லேசாக் கட்டுடி. மூச்சு விடட்டும். புருசன் கால்னு நெனச்சுக் கட்டு."

அவளுக்கும் தெரிந்திருந்தது, நான் யாருடைய காலைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று.

வீட்டில் விட்டுப் போனால் எலி தூக்கிவிடும் என்று குஞ்சைப் பால் வெட்டும் காட்டுக்கும் கொண்டுபோனேன். சின்னக் கூடையில் போட்டுத் துணியால் மூடி என் நிரையில் ஒரு கிளையில் மாட்டிவிடுவேன். ஒருநாள் கங்காணி வந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"என்னா சத்தம் அது?"

"குருவிங்க."

"குருவி கூடைக்குள்ளயா கூடு கட்டியிருக்கு?"

நான் அடுத்த மரத்தில் கத்தியை வைத்தேன். அவரும் போய்விட்டார். கோபம் தீரவில்லை என்றேனே, அதில் இதை மட்டும் கழித்துக்கொள்கிறேன்.

சேதி இல்லாத நாட்கள்

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. சிகாமட் ஆறு கரையைத் தாண்டியது. நடைபாலம் மூழ்கிவிட்டதாகவும், கடைத்தெருவில் படகு போவதாகவும் சொன்னார்கள். லாரி நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

சேதி வராத ஊரில் எல்லாமே சேதிதான். குஞ்சு அரிசி நொய்யைக் கொத்தினால், அவர் இன்று கஞ்சி குடித்திருப்பார் என்று நினைப்பேன். கண்ணை மூடிச் சுருண்டு கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் அது காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. தண்ணீரை விரலில் தொட்டு அலகில் வைத்தாலும் வழிந்துவிட்டது. அதைச் சேலைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தேன். நான் வாய்விட்டு அழுதது அன்று மட்டும்தான். அவர் லாரியில் ஏறியபோதுகூட அழவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் குஞ்சு தலையைத் தூக்கி என் தாலிக்கயிற்றைக் கொத்தியது.

வெள்ளம் வடிந்து லாரி வந்ததும் மலாய்க்காரர் இறங்கும் முன்பே நான் போய் நின்றேன். அவர் தமிழில் பாதியும் மலாயில் பாதியுமாகக் கையை ஆட்டிச் சொன்னதில் எனக்கு ஒரு சொல்தான் காதில் ஏறியது. என் வீட்டுக்காரர் ஊறுகாய் கேட்டாராம். சாகிறவன் ஊறுகாய் கேட்கமாட்டான். நான் ஓடிப்போய் அஞ்சலை அக்காவின் ஜாடியையே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டேன். அதற்கும் திட்டு வாங்கினேன்.

ராசா

பொங்கலுக்கு முன்னால் அவர் வந்து சேர்ந்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடவேண்டியிருந்தது. பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார். பால் வெட்ட முடியாது என்று லயத்து வாசல் கூட்டும் வேலையைக் கொடுத்தார்கள்.

குஞ்சின் கட்டை அதற்குள் பிரித்திருந்தேன். கால் நேராகக் கூடிவிட்டது. முதலில் கொஞ்சம் நொண்டியது, பிறகு அதுவும் போயிற்று. அதற்கு ராசா என்று பெயர் வைத்தேன். முனியாண்டிக்குப் போகிற சேவலுக்குப் பெயர் அப்படித்தானே இருக்கவேண்டும்? வேலைக்குக் கிளம்பும்போது, "ராசா, நல்லாத் தின்னு, கொண்டைய வளரு" என்று சொல்லிவிட்டுப் போவேன். என் வீட்டுக்காரர் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்.

மாதங்கள் போயின. அவர் உடம்பில் சதை பிடித்தது. கன்னம் நிறைந்தது. சுவரைப் பிடிப்பது நின்றது. எல்லாம் முனியாண்டி செயல் என்று பூரித்துப் போனேன். ராசாவின் கொண்டை மட்டும் ஏனோ பெரிதாகவில்லை. வால் இறகும் வளையவில்லை. கூவவும் இல்லை.

"மெதுவா வளர்ற சாதி" என்று அஞ்சலை அக்காவிடம் சொன்னேன்.

"அப்படியா?" என்றாள் அவள். அத்தனை வாயாடி அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். கோழியோடு பிறந்து கோழியோடு வளர்ந்தவள் நான். சேவலுக்கும் பெட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை. தெரிந்துகொள்ள எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

மழை பெய்த காலை

முனியாண்டி கோயில் ஆடித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மரத்தில் கத்தி வைத்த சற்று நேரத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. மங்குகளில் தண்ணீர் நிரம்பிப் பால் வீணாகிவிட்டது. எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினோம்.

வாசலுக்கு வரும்போதே உள்ளே கோழி கொக்கரிக்கும் சத்தம். விறகு அடுக்கின்மேல் ராசா நின்றுகொண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. அடுப்புக்கு முன்னால் என் வீட்டுக்காரர் குந்தியிருந்தார். சாம்பலைக் கிளறி ஈரத்துணியில் சுற்றிய எதையோ வெளியே எடுத்தார். துணியைப் பிரித்தால் முட்டை. என்னைப் பார்த்ததும் அதைக் கைலி மடிப்புக்குள் ஒளித்தார். சூடு பொறுக்காமல் உடனே வெளியே எடுத்தார்.

"யாரு முட்டை அது?"

அவர் விறகு அடுக்கைப் பார்த்தார்.

"எப்போலேருந்து?"

"பங்குனியிலேருந்து. நெதம் இல்ல. விட்டு விட்டு."

சதை எங்கிருந்து பிடித்தது என்று அப்போதுதான் புரிந்தது. நான் வாளியைத் தரையில் போட்டேன். ராசா பறந்துபோய் மூலையில் ஒதுங்கியது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ நெதம் அதுங்கிட்ட கொண்டைய வளருன்னு சொல்லிட்டுப் போற. அஞ்சலை எல்லாத்தையும் சொல்லிட்டா. பொட்டைன்னு தெரிஞ்சா வேண்டுதல் பலிக்கல, இவரு போயிடுவாருன்னு நீ பயந்தே செத்துருவே."

"திருநாளுக்கு என்னா பண்றதா இருந்தீங்க?"

"இதே நெறத்துல ஒரு சேவலு பாத்து வச்சிருக்கேன். காட்டுல நீ இருக்கயில மாத்திரலாம்னு…"

"சாமியவா ஏமாத்தப் பாத்தீங்க?"

"சாமிய எப்படி ஏமாத்துறது? அவருக்குத்தான் தெரியுமே" என்றார் அவர். "ஒன்னத்தான்."

எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. ஈரச் சேலையோடு கதவருகே உட்கார்ந்துவிட்டேன். பெட்டைக்கோழியை முனியாண்டிக்கு வெட்டும் வழக்கம் எங்களிடம் இல்லை. கொடுத்த வாக்கை எப்படித் தீர்ப்பது? தீராத வாக்குக்கு முனி எதை எடுத்துக்கொள்வார்? எதிரே ஆள் திடமாக உட்கார்ந்திருந்தார். ஆனால் எனக்குக் கண்ணில் பட்டது அந்த லாரிதான்.

கோயிலில்

திருநாளன்று ராசாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் தடவி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானே போனேன். வேறு சேவல் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நேர்ந்தது எதுவோ அதைத்தான் முனியின் முன்னால் காட்டவேண்டும். பிறகு அவர் பாடு.

பூசாரி வேலு அண்ணன் மற்ற நாளில் ரப்பர் பால்கொட்டகையில் வேலை செய்கிறவர். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர், எப்போதும் எரிந்துவிழுகிற மனிதர். சேவலைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சுருட்டுப் புகையும் சாராய வாடையுமாக இருந்தது. என் முறை வந்தது. அவர் கோழியைத் தூக்கி முதலில் காலைத் தடவிப் பார்த்தார்.

"சுத்தமா கூடியிருக்கே" என்றவர் தலையைத் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தார். "என்னா தங்கச்சி, இது பொட்டையாச்சே!"

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமா கொண்டாந்தே?"

"நேந்தது இததான். வேற எதக் கொண்டாறது?"

வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார்.

"என்னான்னு நேந்தே? முழுசாச் சொல்லு."

"அவரு பொழச்சு வந்தா, இந்தக் குஞ்சக் காப்பாத்தி, சேவலானதும் தரேன்னு."

"காப்பாத்துனியா?"

"காப்பாத்தினேன்."

"சேவலாச்சா?"

"ஆகல."

"காப்பாத்துறது ஒன் வேல. செஞ்சுட்டே. சேவலாக்குறது யாரு வேல? அதுக்கு நீ என்னா பண்ணுவே? வேணும்னா முனி ஆக்கியிருப்பாரு. வேணாம்னு விட்டுட்டாரு."

"குத்தம் வராதே அண்ணே?"

"குத்தம்னா அவரு மேலதான்" என்று சொல்லிவிட்டார். சொன்ன வேகத்தில் தானே பயந்துபோய்ச் சூலத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். பிறகு திருநீற்றை எடுத்து ராசாவின் தலையில் அப்பி, "தூக்கிட்டுப் போ. வெரதத்த முடி. ஆளுங்க நிக்கிறாங்க" என்று விரட்டினார்.

வழியில் அஞ்சலை அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு, "ராசா இல்லடி, ராசாத்தி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் மனதுக்குள் கல் அப்படியே இருந்தது. பூசாரி சொன்னது வாய்க்கு நன்றாக இருந்தது, வயிற்றுக்குப் போய்ச் சேரவில்லை. நம்பலாமா என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரர் வாசலில் காத்திருந்தார். கோழி உயிரோடு திரும்பியதைப் பார்த்தார். உள்ளே போனார். சாம்பலிலிருந்து முட்டையை எடுத்தார், இந்த முறை ஒளிக்காமல். ஓட்டை உரித்து, தட்டில் வைத்து, நூலால் இரண்டாக அறுத்தார். ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார்.

அவர் லாரியில் போன நாளுக்குப் பிறகு என் நாக்கில் கவிச்சி பட்டதில்லை. கையில் எடுத்துவிட்டேன், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. தின்றுவிட்டால் கணக்கு முடிந்தது என்று ஆகிவிடும். முடியாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் கெஞ்ச இடமிருக்கும் என்று நினைத்தேன்.

"தின்னு புள்ள" என்றார். "நான் எங்கயும் போவல."

தின்றேன். வெந்த மஞ்சள்கரு தொண்டையில் அடைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. மஞ்சள்கருவால்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

"உப்பு பத்தல" என்றேன்.

அவர் தரையில் கையூன்றாமல் எழுந்தார். சுவரைப் பிடிக்காமல் அடுப்பங்கரைவரை நடந்துபோய் உப்பை எடுத்துக்கொண்டு, அப்படியே திரும்பி என்னிடம் நடந்து வந்தார்.